மணலில் எழுத்துக் கற்ற அயலார்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஊரிலிருந்து திருமண அழைப்பிதழ் வருகிறது. வீட்டுச் சிறுவன் அதனை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறான். அவன் தமிழ் பேசுவான், இந்தி எழுதுவான், ஆங்கிலத்தில் பரிசும் பெறுவான். தன் பாட்டனார் பெயரைத் தமிழில் வாசிக்க மட்டும் அவனால் இயலாது. "இங்கே தமிழ் கற்பிக்கப் பள்ளி ஏது? அலுவலகம் போய்த் திரும்பும் நமக்கு நேரந்தான் ஏது?" என்று நாமும் சமாதானம் கூறிக்கொள்கிறோம்.

இச்சமாதானத்தைப் பல ஆண்டுகள் கூறிவந்தவர்களுள் நாமும் ஒருவர். ஆயின், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ மிஷனரியின் அன்றாட வாழ்க்கையைப் படித்தறிந்த பின்னர், அதனை மீண்டும் கூற நமக்கு நா எழவில்லை. அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்கு. எச்சமயத்தைச் சார்ந்த அன்பரும் அறிந்துகொள்ளத் தக்கது அவர் வரலாறு.

கடல் கடந்து வந்தவர்

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை கட்டியது 1620-ஆம் ஆண்டில். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் அங்கே வாணிகம் நடத்தி வந்தனர். எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், சமயத் தொண்டர் இருவரை அங்கு அனுப்பினார். இருவரும் ஜெர்மானியர். சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்து, ஹாலே நகரில் பயின்ற சீகன்பால்கு ஒருவர். அவர் தோழர் புளூச்சோ மற்றொருவர். 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் நாள் கரையிறங்கினர். அன்று சீகன்பால்குக்கு வயது ஏறக்குறைய இருபத்து நான்கு.

வரவேற்க ஆளில்லை. கோட்டைத் தலைவருக்கு அவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வாணிகத்துக்கு இடையூறாவர் என்று அவர் எண்ணினார். சுற்றிலும் வழங்கிய மொழி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. துறைமுகத்தில் போர்த்துகீசியம் பயன்பட்டது. ஊர் மக்கள் மொழியோ தமிழ். ஆகவே வேலையைப் பகுத்துக்கொண்டு, புளூச்சோ போர்த்துகீசியத்தையும் சீகன்பால்கு தமிழையும் மேற்கொண்டனர்.

தமிழ் கற்க இலக்கணமும் அகராதியும் கையில் இல்லை. என் செய்வது? முதிய உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவருடைய திண்ணைப் பள்ளியையே தம் வீட்டிற்கு மாற்றிக்கொண்டனர். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதினர். அவர்களோடு பிள்ளையாய் அமர்ந்து அந்த வெள்ளைக்காரரும் அகரம் முதல் எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. பின்னர் ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அழகப்பன் என்னும் தமிழரைத் துணையாகக் கொண்டு பொருளையும் கற்றார்.

நாளைப் பங்கிட்ட விதம்

தம் நாளை எவ்வாறு கழிக்கிறார் என்பதை அவரே கடிதமொன்றில் விவரித்துள்ளார். கால அட்டவணையிலேயே காலந்தள்ளும் இரயில்வேக்காரராகிய நமக்கு அது வியப்பளித்தது.

காலை ஏழு முதல் எட்டு வரை, முன் கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, அதற்குமுன் படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அருகில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பர். புதிய சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். கடினமான செய்யுள் வந்தால் புலவர் அதனைப் பேச்சு வழக்கில் எடுத்துரைப்பார். உண்ணும்போதும் ஒருவர் படித்துக் காட்டக் கேட்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் தமிழ் நூல்கள். இரவு ஏழு முதல் எட்டு வரை, கண் சோராதிருக்கும்பொருட்டுப் பிறர் படிக்கச் செவியால் கேட்பார். தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய ஆசிரியர்களையே அவர் விரும்பித் தேர்ந்தார்.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 1708-இலேயே தாம் சேர்த்த சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் இந்து சமயத்தார் இயற்றிய தமிழ் நூல்கள் மட்டும் 119. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குக் கொன்றைவேந்தனின் பெயராவது தெரியும்?

மக்களிடையே

அறைக்குள் அமர்ந்து படித்தலோடு அவர் பணி முடியவில்லை. ஊர்களுக்குச் சென்று மக்களோடு உரையாடினார். 1707 மே மாதத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அவ்வாண்டே கோயில் ஒன்றும் எழுந்தது. ஆண்பிள்ளைகளுக்கேயன்றிப் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். தமிழறிந்தோர் பலருக்குச் சமயம், ஒழுக்கம், வழக்கம் பற்றி வினாக்கள் எழுதி விடை பெற்றார். அவ்வாறு தமிழர் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின.

அவர் வந்த நோக்கம் மதமாற்றமே. அதனை மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. நம் வாசகர் பலருக்கு அந்நோக்கம் உடன்பாடாக இராது. ஆயினும் ஒன்று குறிப்பிடத் தக்கது. தமிழரை நாகரிகமற்றவர் என்று எண்ணி வந்தவர், தமிழைக் கற்றபின் அவ்வெண்ணம் தவறென்று தம் நாட்டாருக்கு எழுதினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெருநூல் எழுதி அனுப்பினார். அவரை அனுப்பிய குருவான பிராங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கேள்வி. அந்நூல் 1867-இல்தான் அச்சேறியது.

இடர்களும் குறைவில்லை. ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியதனால் கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளாகி, 1708 இறுதியில் சிறைப்பட்டு, நான்கு மாதம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். விடுதலையானதும் விட்ட இடத்திலிருந்தே பணியைத் தொடர்ந்தார். 1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை 1711 மார்ச்சில் முடித்தார்.

1712-இல் அச்சுப்பொறி வந்தது. 1713-இல் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. தமிழ் அச்சேறியது அவரால்தான் முதன்முதல் என்று சிலர் கூறுவது பிழை. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் நெடுநாள் நின்றுபோயிருந்த அத்தொழிலுக்கு மீண்டும் உயிரூட்டியவர் இவர். ஹாலே எழுத்துகள் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தனர். புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற அச்சாயிற்று. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறே வயதில் அவர் மறைந்தார். அவர் கட்டி 1718-இல் திறந்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு உரிய பாடம்

அவ்வாலயம் இன்றும் நிற்கிறது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் இடப்பட்ட இருப்புப்பாதை 1986-இல் மூடப்பட்டது. இப்போது சாலை வழியேதான் செல்லல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, கோட்டையையும் ஆலயத்தையும் காட்டுவார்களாக.

நிற்க. அவர் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, வாழவந்த ஊரின் மொழியைக் கற்பது. சந்தையில் விலை கேட்க மட்டும் இந்தியோ வங்காளமோ பேசி, அண்டை வீட்டார் நூல்களையும் நெஞ்சையும் அறியாமலே நம்மில் பலர் ஓய்வு பெறுகிறோம். இரண்டாவது, நம் மொழியை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. இலக்கணமும் அகராதியும் இல்லாத அயலார் ஒருவர் மணலில் தொடங்கினார். நமக்கோ மொழியும் உண்டு, நூல்களும் உண்டு. இல்லாதது ஒரு நாளில் அரைமணி நேரம் மட்டுமே.

சென்ற சில திங்களாக நம் இல்லத்தில், இரவு உணவுக்கு முன் தட்டில் அரிசியைப் பரப்பிப் பிள்ளைகளை எழுதச் செய்கிறோம். உயிரெழுத்து முடிந்து, மெய்யெழுத்தும் முடிந்து, இப்போது உயிர்மெய்யில் நிற்கிறோம். ணகர னகரத்தில் இளையவன் இன்னும் தடுமாறுகிறான். ஆயினும் சென்ற வாரம் ஊரிலிருந்து வந்த அழைப்பிதழை நம் கையில் கொடாமல் தானே வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாய்க் கூட்டித் தன் பாட்டனார் பெயரை வாசித்துவிட்டான். அவ்வொரு சொல்லுக்கு அவனுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. நாம் குறுக்கிடவில்லை.