366 கி.மீ. வேகம்: வாகனம் இந்தியர் வசம், சாதனைப் பட்டியலில் இந்தியர் இல்லை

புதுதில்லி: மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயங்களில் மணிக்கு 366.1 கி.மீ. என்ற வேகம் முதன்முதலில் பதிவானது 2023-ம் ஆண்டு ஜூன் மாதம், இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தடத்தில். தென்னாப்பிரிக்க வீரர் பிராட் பைண்டர் ஓட்டிய கேடிஎம் வாகனம் அந்த வேகத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு அதே தடத்தில் ஸ்பெயின் வீரர் போல் எஸ்பர்கரோ அதே வேகத்தை எட்டினார். அவர் ஓட்டியதும் கேடிஎம் வாகனமே. ஆஸ்திரியாவைச் சேர்ந்த அந்நிறுவனத்தின் கட்டுப்பாடு 2025-ம் ஆண்டு நவம்பரில் புணேயின் பஜாஜ் ஆட்டோ நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது.

பிரிட்டனின் நார்ட்டன் நிறுவனத்தின் கதையும் இதுதான். 1907-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதலாவது டிடி பந்தயத்தில், இரட்டை சிலிண்டர் பிரிவில் வாகை சூடியது நார்ட்டன். அந்தப் பெருமைக்குரிய பெயரை 2020-ல் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

உலகிலேயே இருசக்கர வாகனங்கள் மிக அதிகமாக விற்பனையாகும் நாடு இந்தியா. 2024-25 நிதியாண்டில் மட்டும் உள்நாட்டில் சுமார் 1.96 கோடி வாகனங்கள் விற்பனையாயின. பணம் உண்டு, தொழிற்சாலை உண்டு, வாகனத்தின் மீது தீராத மோகம் கொண்ட இளைஞர் கூட்டமும் உண்டு. ஆயினும், 1949-ல் தொடங்கிய உலக சாம்பியன் போட்டிகளில் இதுவரை கிராண்ட் பிரீ பந்தயம் வென்றவர்கள் வரிசையில் ஓர் இந்தியப் பெயர்கூட இல்லை.

வென்றோர் வரிசை: இந்த வரிசையில் நெடுங்காலமாக முதலிடத்தில் இருப்பவர் இத்தாலியின் ஜியாகோமோ அகஸ்தினி. 500 சிசி பிரிவில் 68, 350 சிசி பிரிவில் 54 என மொத்தம் 122 கிராண்ட் பிரீ வெற்றிகளைக் குவித்தவர். 15 முறை உலக சாம்பியன். ஒரே ஆண்டில் இரு பிரிவுகளிலும் போட்டியிட்டு, இரண்டிலும் பட்டம் வெல்லக்கூடிய காலம் அது.

அடுத்த இடம் அவரது நாட்டவரான வேலன்டினோ ரோஸிக்கு. 1996-ல் செக் குடியரசின் பிர்னோ நகரில் முதல் வெற்றியைப் பெற்ற அவர், 2017-ல் நெதர்லாந்தின் அசென் நகரில் கடைசி வெற்றியைப் பெற்றார். மொத்த வெற்றிகள் 115. அவற்றில் 89 உச்சப் பிரிவில் கிடைத்தவை. 2021-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 9 உலகப் பட்டங்கள் இருந்தன.

ஸ்பெயினின் ஆங்கெல் நியெட்டோ 50 சிசி, 125 சிசி என்ற சிறு வாகனங்களில் கோலோச்சியவர். வெற்றிகள் 90, பட்டங்கள் 13. பதின்மூன்று என்ற எண்ணைச் சொல்ல அஞ்சி, தமது பட்டங்களை "12+1" என்றே அவர் கணக்கிட்டு வந்தார்.

இன்றைய தலைமுறையில் மார்க் மார்க்கெஸுக்கு இணையில்லை. 2013-ல், 20 வயதில், உச்சப் பிரிவின் மிக இளைய சாம்பியனான அவர், 2020-ல் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் விழுந்து வலது கையை முறித்துக் கொண்டார். அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள். ஓய்வு பெற்றுவிடுவார் என்ற பேச்சு. ஆனால், 2025-ல் டுகாட்டி வாகனத்தில் ஒரே பருவத்தில் 11 பந்தயங்களை வென்று, ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பட்டம் சூடினார். அந்தப் பருவத்தின் முடிவில் அவரது வெற்றிகள் 99, பட்டங்கள் 9.

வேகம் வேறு, வெற்றி வேறு: முஜெல்லோவில் 366.1 கி.மீ. வேகத்தைத் தொட்ட பைண்டர் அந்தப் பந்தயத்தில் வெற்றி பெறவில்லை. வென்றவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ பன்யாயா. நேர்கோட்டு வேகமே எல்லாம் என்றால், அமெரிக்காவின் பான்வில் உப்புப் படுகையில் 2010-ல் ராக்கி ராபின்சன் எட்டிய மணிக்கு 605 கி.மீ. வேகத்துக்கு அருகில்கூட எந்தப் பந்தய வீரரும் வர முடியாது. ஏவுகணை போன்ற கூட்டுக்குள் அமர்ந்து ஓட்டும் அந்த வாகனத்தால் ஒரு வளைவில்கூடத் திரும்ப இயலாது.

பந்தயத்தை முடிவு செய்வது வளைவுகள்தான். 350 கி.மீ. வேகத்தில் வரும் வாகனத்தைச் சில விநாடிகளில் 100 கி.மீ.க்கும் கீழே கொண்டுவந்து, முழங்கையும் முழங்காலும் தரையில் உரசும் அளவுக்குச் சாய்த்து, சக்கரம் வழுக்காமல் மீண்டும் வேகமெடுக்க வேண்டும். இதை ஒரு பந்தயத்தில் நூற்றுக்கணக்கான முறை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் செய்பவரே வெல்கிறார். இந்தத் திறன் சிறு வயதிலேயே பழக வேண்டிய ஒன்று. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பள்ளி செல்லும் முன்பே குழந்தைகள் சிறு வாகனங்களில், மூடிய தடங்களில், பயிற்சியாளர் கண்காணிப்பில் ஓட்டத் தொடங்கிவிடுகின்றனர்.

பொதுச் சாலையில் பந்தயம்: பந்தயங்கள் ஏன் மூடிய தடங்களுக்குள் சென்றன என்பதற்கு ஐல் ஆஃப் மேன் தீவே சான்று. ஊர்களுக்கும் வீடுகளுக்கும் மலைக்கும் இடையே செல்லும் சுமார் 60 கி.மீ. நீளப் பொதுச் சாலையைப் பந்தய நாள்களில் மட்டும் மூடிவிட்டு அங்கே போட்டி நடத்தப்படுகிறது. ஓரத்தில் கல் சுவர், விளக்குக் கம்பம், மரம். 1957-ல் பாப் மெக்கின்டயர் முதன்முதலாக அங்கு ஒரு சுற்றில் சராசரியாக மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. வேகத்தைக் கடந்தார். 2023-ல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை 16 நிமிஷம் 36 விநாடிகளில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 219.4 கி.மீ.

அந்தச் சாலை கொண்ட பலியும் பெரிது. இதுவரை 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கு உயிரிழந்துள்ளனர். 1972-ல் நண்பர் கில்பெர்ட்டோ பார்லோட்டி இறந்ததைக் கண்ட அகஸ்தினி, பத்து முறை வென்ற அந்தத் தீவில் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று விலகினார். மற்ற முன்னணி வீரர்களும் ஒதுங்கினர். 1976-க்குப் பிறகு உலக சாம்பியன் போட்டிகளின் பட்டியலில் இருந்தே டிடி பந்தயம் நீக்கப்பட்டது.

அங்கு அதிக வெற்றி பெற்றவர்கள் வட அயர்லாந்தின் டன்லப் குடும்பத்தினர். ஜோயி டன்லப் 1977 முதல் 2000 வரை 26 முறை வென்றார். கடைசி வெற்றி கிடைத்த சில வாரங்களிலேயே எஸ்தோனியாவில் நடந்த சாலைப் பந்தயத்தில் உயிரிழந்தார். அவருடைய தம்பி ராபர்ட் 2008-ல் வட அயர்லாந்துப் பந்தயம் ஒன்றின் பயிற்சியில் இறந்தார். இரண்டே நாள்களில் அதே பந்தயத்தில் களமிறங்கி வென்றார் ராபர்ட்டின் மகன் மைக்கேல். 2018-ல் மைக்கேலின் அண்ணன் வில்லியமும் பந்தயப் பயிற்சியில் பலியானார். 2024-ல் பெரியப்பாவின் சாதனையைக் கடந்த மைக்கேல், 2025-ல் தமது டிடி வெற்றிகளின் எண்ணிக்கையை 33-ஆக உயர்த்தினார். ஒரு குடும்பத்தின் சாதனைக் கணக்கில் மூன்று மரணங்கள்.

மூடிய தடங்களிலும் மரணம் இல்லாமல் இல்லை. 2011-ல் மலேசியாவின் செபாங்கில் மார்கோ சிமோன்செல்லியும், 2021-ல் முஜெல்லோவில் 19 வயது ஜேசன் டுபாஸ்கியேயும் உயிரிழந்தனர். ஆனால், ஒவ்வொரு விபத்துக்குப் பின்னரும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. வளைவுகளுக்கு வெளியே சரளை நிரப்பிய அகன்ற பரப்பு, சுவருக்கு முன்பாகக் காற்றடைத்த தடுப்பு, தயார் நிலையில் மருத்துவக் குழு என எல்லாம் கட்டாயம். 2018 முதல், விழும்போது தானே விரியும் காற்றுப் பை பொருத்திய உடை இல்லாமல் எந்த வீரரும் களமிறங்க முடியாது.

அருகருகே இரு பாதைகள்: தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் இருந்து ஆக்ராவுக்குச் செல்லும் 165 கி.மீ. நீள யமுனை விரைவுச் சாலையும், அதன் ஓரத்திலேயே அமைந்துள்ள புத்தா சர்வதேசப் பந்தயத் தடமும் ஒரே தொழில் குழுமம் உருவாக்கியவை. 2023-ல் இவ்விரு இடங்களும் வேகத்துக்காகச் செய்திகளில் அடிபட்டன.

அந்த ஆண்டு மே மாதம், இணையத்தில் காணொளி வெளியிட்டு வந்த இளைஞர் ஒருவர், 1000 சிசி மோட்டார் சைக்கிளில் 300 கி.மீ. வேகத்தைத் தொடும் முயற்சியில் விரைவுச் சாலையின் தடுப்பில் மோதி, அலிகார் மாவட்ட எல்லையில் உயிரிழந்தார். கார்களுக்கே மணிக்கு 100 கி.மீ. வேகம்தான் அனுமதிக்கப்பட்ட சாலை அது.

அதே ஆண்டு செப்டம்பரில் புத்தா தடத்தில் இந்தியாவின் முதல் மோட்டோ ஜிபி பந்தயம் நடந்தது. விசா தாமதத்தால் மார்க்கெஸ் உள்பட சிலரின் வருகை தள்ளிப்போயிற்று. கடும் வெப்பம் காரணமாக 24 சுற்றுகள் 21-ஆகக் குறைக்கப்பட்டன. இத்தாலியின் மார்கோ பெட்செக்கி 8 விநாடிகளுக்கும் அதிகமான இடைவெளியில் வென்றார். இரண்டாவதாக வந்த ஸ்பெயினின் ஹோர்கே மார்ட்டின், உடலில் நீர் வற்றி, வெற்றி மேடை ஏறும் முன் துவண்டு விழுந்தார். முன்னணியில் இருந்த பன்யாயா வளைவில் சறுக்கி விழுந்தும், எழுந்து நடந்து சென்றார். சாலையில் அந்த இளைஞருக்குக் கிடைக்காத வாய்ப்பு இதுதான்.

வேகத்தின் விலையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு காட்டுகிறது. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாததால் இறந்தோர் மட்டும் 50,029 பேர். மொத்த உயிரிழப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் எனப் பதிவாகியுள்ளது.

தடங்கள் மிகக் குறைவு: இத்தனை பெரிய நாட்டில், முறையான பந்தயத் தடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவையின் கரி தடம், கிரேட்டர் நொய்டா ஆகியவையே முக்கியமானவை. அதற்கு முன்பு, சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. 2011-ல் 125 சிசி உலக சாம்பியன் போட்டியில் களமிறங்கிய முதல் இந்தியரான எஸ். சரத்குமார் சென்னையைச் சேர்ந்தவர் என்பது தற்செயலல்ல. தடம் இருந்த ஊரில் இருந்துதான் வீரர் வந்தார்.

தடம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். இளம் வயதில் பயிற்சி தேவை. ஆனால் எந்த வயதில், எவ்வளவு திறனுள்ள வாகனத்தை, எத்தனை பேருடன் சேர்ந்து ஓட்டலாம் என்ற கேள்விக்குத் தெளிவான விடையும் தேவை. உலக அளவில் இளம் வீரர்கள் அடுத்தடுத்து மாண்டதையடுத்து, மோட்டோ-3 பிரிவில் பங்கேற்கக் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18-ஆக உயர்த்தப்பட்டது.

மஹிந்திராவின் பாடம்: இந்திய நிறுவனம் ஒன்று வெற்றி மேடையின் உச்சியைத் தொட்டதும் உண்டு. 2011-ல் உலகப் போட்டிகளில் நுழைந்த மஹிந்திரா, 2016 ஜூனில் அசென் நகரில் மோட்டோ-3 பிரிவில் தனது முதல் கிராண்ட் பிரீ வெற்றியைப் பெற்றது. ஓட்டியவர் அப்போது 19 வயதே ஆன பன்யாயா. அவர்தான் பின்னர் 2022, 2023-ம் ஆண்டுகளில் உச்சப் பிரிவின் உலக சாம்பியனானார். பன்யாயா, பெட்செக்கி இருவருமே ரோஸி தமது ஊரில் நடத்தும் பயிற்சிக் கூடத்தில் உருவானவர்கள். 2017-ம் ஆண்டுடன் மஹிந்திரா இப்போட்டிகளில் இருந்து விலகிக் கொண்டது. இந்திய வாகனம் ஓர் இத்தாலிய சாம்பியனை வளர்த்தது. ஓர் இந்திய வீரரை வளர்க்கவில்லை.

புத்தா தடத்தின் நிலையும் கேள்விக்குறியே. 2011 முதல் 2013 வரை அங்கு நடந்த ஃபார்முலா-1 கார் பந்தயம் வரிப் பிரச்னைகளுக்கிடையே நின்றுபோனது. 2024 செப்டம்பரில் நடைபெறவிருந்த இரண்டாவது மோட்டோ ஜிபி பந்தயம் ஒத்திவைக்கப்பட்டது. 2025, 2026-ம் ஆண்டுகளின் பந்தய அட்டவணையிலும் இந்தியாவுக்கு இடம் கிடைக்கவில்லை. தடத்தைக் கட்டிய குழுமத்தின் தலைமை நிறுவனம் 2024 ஜூனில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

2027 முதல் மோட்டோ ஜிபி வாகனங்களின் எஞ்சின் திறன் 1000 சிசியில் இருந்து 850 சிசியாகக் குறைக்கப்படுகிறது. வேகம் அளவு மீறிப் போய்விட்டது என்று பந்தய உலகமே கருதியதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். 366 என்ற எண் நெடுநாள் பட்டியலில் நீடிக்கக்கூடும். அதை முறியடிப்பது இந்தியாவின் இலக்காக இருக்க வேண்டியதில்லை. வேகத்தில் ஆர்வம் கொண்ட ஓர் இளைஞன் விரைவுச் சாலைக்குச் செல்லாமல், அதன் ஓரத்தில் உள்ள தடத்தின் வாயிலுக்குள் நுழைய வழி செய்தாலே போதும். வென்றோர் பட்டியலுக்கான பாதையும் அந்த வாயில் வழியாகத்தான் செல்கிறது.