பழைய காரை வீட்டிலேயே துரு நீக்கி வண்ணம் பூசுதல்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில், முந்தைய தலைமுறையினர் வாங்கிய அம்பாசிடர் காரை இன்றும் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அக்காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுவிட்டதால், இருப்பதைச் சீர்செய்து பாதுகாக்கும் ஆர்வம் பலரிடம் காணப்படுகிறது. கரிசல் மண் மழைநீரை நெடுநாள் பிடித்து வைத்திருப்பதால், அதன்மேல் நின்ற வண்டியின் அடித்தகடு எளிதில் துருவேறுகிறது. அத்துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, புதிய வண்ணம் பூசும் வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்வோருக்கும், அவர்களுடன் வாழ்வோருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

இவ்வேலையில் பலரும் அஞ்சுவது துருவுக்கே. ஆயினும் பெரிய ஆபத்துகள் பழைய வண்ணத்தின் தூசியிலும் புதிய வண்ணத்தின் ஆவியிலும் உள்ளன. இவை உடனே வலி தருவதில்லை. வேலை செய்யாமல் வீட்டில் இருக்கும் குழந்தையையும் கர்ப்பிணியையும்கூட இவை பாதிக்கக்கூடும்.

பழைய வண்ணத்தில் என்ன உள்ளது?

பழைய வண்டிகளின் வண்ணத்தில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி வீட்டு, அலங்கார வண்ணங்களுக்கு உரியது. எனவே உங்கள் காரின் பழைய வண்ணத்தில் ஈயம் உள்ளது எனக் கருதியே வேலையைத் தொடங்குங்கள்.

உப்புத்தாள் கொண்டோ கிரைண்டர் கொண்டோ உலர்வாகத் தேய்க்கும்போது ஈயம் நுண்தூசியாகப் பறக்கிறது. அது மண்ணில் படிந்து நெடுங்காலம் நீங்காமல் கிடக்கும். அம்மண்ணில் விளையாடும் குழந்தை, கையை வாயில் வைக்கும்போது ஈயத்தை விழுங்குகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் ஈயம் பாதிக்கும், இரத்தசோகையையும் உண்டாக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து நஞ்சுக்கொடி வழியே கருவைச் சென்றடையும். பெரியவர்களுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, மூட்டுவலி, உயர் இரத்த அழுத்தம் ஏற்படலாம். ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை.

செய்ய வேண்டியவை:

• உலர்வாகத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்க்கவும்.
• வண்டியின் கீழும் சுற்றிலும் தார்ப்பாய் விரிக்கவும். சுரண்டிய கழிவை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்க்கவும். மண்ணில் கொட்டுவதும் எரிப்பதும் கூடாது.
• பழைய வண்ணத்தை நெருப்பால் சுட்டு உரிக்கலாகாது. அப்போது ஈயம் புகையாக நுரையீரலுக்குள் செல்லும்.
• மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சித் துரு நீக்கும் முறையை வீட்டில் மேற்கொள்ளக் கூடாது. அத்தூசி நுரையீரலில் ஆறாத தழும்புகளை ஏற்படுத்தும்.
• பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அங்குள்ள தூசியைக் காற்றடித்து ஊதலாகாது, ஈரத்துணியால் துடைக்கவும்.
• வேலை உடையுடன் வீட்டினுள் செல்லவோ, குழந்தையைத் தூக்கவோ வேண்டாம். அவ்வுடையை உதறாமல், பிற துணிகளுடன் சேர்க்காமல் துவைக்கவும்.

தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் பலத்த காற்று உங்கள் முற்றத்துத் தூசியை அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் கொண்டு செல்லும். அம்மாதங்களில் திறந்த வெளியில் தேய்க்கும் வேலையைத் தவிர்ப்பது நன்று.

புதிய வண்ணம் ஏன் மூச்சைத் தாக்குகிறது?

கார்களுக்கு இக்காலத்தில் பூசப்படும் ‘டூ-கே’ வகை வண்ணத்தில் ஹார்டனர் என்னும் திரவம் கலக்கப்படுகிறது. அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. இது 1984-இல் போபாலில் கசிந்த நச்சு வாயு அன்று. எனினும் அதே வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பிரே கன் வழியே நுண்துளிகளாகும்போது இது மூச்சுக்குழலைச் சென்றடைந்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். தோலில் பட்டாலும் உடல் அதற்கு ஒவ்வாமை கொள்ளலாம்.

இதன் அறிகுறிகள் பல வேளைகளில் தாமதமாகவே தோன்றும். பகலில் வண்ணம் பூசியவருக்கு இரவில் இருமல், நெஞ்சிறுக்கம், இளைப்பு ஏற்படலாம். அதைச் சளி என்று எண்ணி அடுத்த நாளும் பூசுவோர் உள்ளனர். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், அதன்பின் மிகச் சிறிய அளவு பட்டாலும் கடுமையான மூச்சுத்திணறல் உண்டாகலாம்.

துண்டோ துணி முகக்கவசமோ இதனைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தூசிக்கு உதவும். வண்ண ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே ஐசோசயனேட்டுக்கு ஏற்றது. அது வீடுகளில் இருப்பதில்லை. எனவே துரு நீக்குதல், பட்டி பார்த்தல் ஆகியவற்றை வீட்டில் செய்தாலும், ஹார்டனர் கலந்த வண்ணம் பூசும் பணியை, தனி அறையும் காற்றோட்ட வசதியும் உள்ள பட்டறையிடம் ஒப்படைப்பதே தக்கது.

இவ்வேலையை யார் தவிர்க்க வேண்டும்?

ஆஸ்துமா, நீண்டகால நுரையீரல் நோய், இதயநோய் உள்ளவர்களும், காசநோயிலிருந்து மீண்டு இன்னும் இளைப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் இவ்வேலை நடக்கும் இடத்தில் இருக்கலாகாது. இத்தகையோர் வீட்டில் இருப்பின், வேலை முடிந்து தூய்மை செய்யும்வரை அவர்களை உறவினர் வீட்டில் தங்கச் செய்யுங்கள். இயலாவிடில் வண்டியை வேறிடத்திற்கு மாற்றுங்கள்.

தீயும் நஞ்சும்

தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவிச் சென்று தொலைவிலுள்ள அடுப்பிலும் தீப்பற்றும். தீப்பெட்டித் தொழில் நடைபெறும் இவ்வட்டாரத்தில், குச்சியோ மருந்தோ வைத்திருக்கும் இடத்தின் அருகே தின்னரைத் திறக்கவே கூடாது. தீப்புண் ஏற்பட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். பற்பசை, பேனா மை, மாவு எதையும் தடவ வேண்டாம்.

தின்னரைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் செல்லும். பாட்டிலுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துரு நீக்கும் அமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் கலக்கவும் கூடாது. குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது?

அமிலமோ தின்னரோ கண்ணில் தெறித்தால், குறைந்தது 15 நிமிடம் தூய நீரால் தொடர்ந்து கழுவ வேண்டும். குழாயில் தினமும் நீர் வராத ஊர்களில், வேலையைத் தொடங்குமுன்பே தூய நீர் நிறைந்த குடங்களை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புத் துகள் விழுந்தால் கண்ணைத் தேய்க்காதீர்கள். துணிமுனையால் எடுப்பதும் தாய்ப்பால் விடுவதும் கூடாது. துகள் கண்ணிலேயே தங்கினால் கருவிழியில் துருக்கறை படியும். அடிக்கும்போதோ கிரைண்டர் ஓடும்போதோ துகள் வேகமாகப் பாய்ந்திருந்தால், கண்ணை அழுத்தாமல், காகிதக் குவளையால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

துருப்பிடித்த தகடு வெட்டினால்?

தசைவிறைப்பு ஜன்னியைத் துரு உண்டாக்குவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி, காயத்தின் வழியே உட்புகுவதே காரணம். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் இதற்கு வாய்ப்பு அதிகம். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். அழுக்கான அல்லது ஆழமான காயமாக இருந்து, கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால், ஊக்கத் தவணை தேவைப்படும். தூய்மையான சிறு காயத்திற்கு இக்கால அளவு 10 ஆண்டுகள். எப்போது போட்டீர்கள் என்பது நினைவில்லை எனில், அதை மருத்துவரிடம் கூறுங்கள். தாடை இறுகுதல் இந்நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

எப்போது மருத்துவ உதவி பெற வேண்டும்?

• மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், மயக்கம், கண்ணில் ஊடுருவிய காயம், நஞ்சு உட்கொள்ளல்: உடனே 108-ஐ அழையுங்கள்.
• வண்ணம் பூசிய அன்றிரவு இருமலோ இளைப்போ தோன்றினால்: மறுநாளே மருத்துவரைக் காணுங்கள், வேலையை நிறுத்துங்கள்.
• குழந்தைக்குச் சோர்வு, பசியின்மை, காரணம் தெரியாத வயிற்றுவலி இருந்தால்: வீட்டில் பழைய வண்ணம் சுரண்டப்பட்டதைத் தவறாமல் தெரிவியுங்கள். இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்க முடியும். அது டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் வந்த வழியைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது.

மருத்துவரிடம் செல்லும்போது வண்ணம், ஹார்டனர், தின்னர் டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்துச் செல்லுங்கள். நோயாளியால் பேச இயலாத நிலையில், என்ன பொருள், எத்தனை மணிக்கு, மூடிய இடமா திறந்த இடமா என்ற மூன்று விவரங்களை உடனிருப்பவர் கூறினால், சிகிச்சை விரைந்து தொடங்கும். பிற ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.