டோரோ நதி ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?

போர்ச்சுகல் சுற்றுலா விளம்பரங்கள்ல ஒரு படம் அடிக்கடி வரும். ரெண்டு பக்கமும் மலைச்சரிவுல படிப்படியா திராட்சைத் தோட்டம், நடுவுல கண்ணாடி மாதிரி அசையாத ஆறு, அதுல மெதுவா போற ஒரு வெள்ளைக் கப்பல். அதுதான் டோரோ பள்ளத்தாக்கு. இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான்: அந்த ஆறு எப்படி இவ்வளவு அமைதியாச்சு?

ஏன்னா, டோரோ இயல்பாவே சாதுவான ஆறு கிடையாது. ஸ்பெயின் மலைகள்ல பிறந்து, கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் ஓடி, போர்ட்டோ நகரத்துக்கிட்ட அட்லாண்டிக் கடல்ல சேருது. வழி முழுக்கக் குறுகலான மலை இடுக்குகள், பாறைகள், சுழல்கள்.

இந்த ஆத்துல யாரு, எதுக்குப் படகு விட்டாங்க? ஒயினுக்காக. போர்ட் ஒயினுக்கான திராட்சை, வெயில் கொளுத்துற உள்நாட்டு மலைச்சரிவுகள்ல விளையுது. திராட்சைச் சாறு நொதிச்சு முடியறதுக்கு முன்னாடியே அதுல ஒரு மதுசாரத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திடுவாங்க. அதனாலதான் அந்த இனிப்பு அப்படியே தங்குது. 1756-ல, மார்க்கேஸ் தெ பொம்பால் ஆட்சி நடத்தினப்போ, எந்த நிலத்துல விளைஞ்சா அது போர்ட்னு எல்லை வகுத்தாங்க. அதுக்காக நட்ட கருங்கல் தூண்கள் சிலது இன்னைக்கும் நிக்குது.

விளையறது மலையில, பக்குவப்படுத்துறது போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில, குளிர்ச்சியான விலா நோவா தெ காயாவுல. நடுவுல நல்ல சாலை இல்லை. அதனால ‘ரபேலோ’ங்கிற தட்டை அடிப் படகுல ஏத்தி ஆத்துலயே கொண்டு போனாங்க. ஒயின் ஊத்துற மரக்கலத்துக்கு போர்ச்சுகீசிய மொழியில ‘பீப்பா’னு பேரு. நாம சொல்ற பீப்பாய் அங்கிருந்து வந்த வார்த்தைதான்!

போகும்போது ஆறே இழுத்துட்டுப் போகும். திரும்பி வரும்போது பாய் விரிப்பாங்க; காத்து இல்லாத இடத்துல கரையில இருந்து ஆளுங்களோ மாடுங்களோ கயிறு கட்டி இழுக்கணும். வலெய்ரா இடுக்குல வழியை அடைச்சிருந்த பாறையை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில வெடி வெச்சுத் தகர்த்தாங்க. அப்பவும் ஆபத்து தீரலை. இந்த ஆத்துக்கு விரிவான வரைபடம் போட்ட ஒயின் வியாபாரி ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், 1861-ல அதே வலெய்ராவுல படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். வளைவு வளைவா ஆத்தைத் தெரிஞ்ச மனுஷனுக்கே அந்த நிலைமை.

1887-ல ரயில் பாதை ஸ்பெயின் எல்லை வரைக்கும் போயிடுச்சு. படகுகளுக்கு வேலை குறைஞ்சது. அப்புறம் 1970-கள்லயும் 80-கள்லயும் போர்ச்சுகல் பகுதியில மின்சாரத்துக்காக அணைகள் வந்தது. சுழல்களும் பாறைகளும் தண்ணிக்கு அடியில போயிடுச்சு. நீங்க படத்துல பாக்குற அமைதி, வரிசையா நிக்குற ஏரிகளோட அமைதி.

சரி, அணையைக் கப்பல் எப்படித் தாண்டுது? இந்த வழியில அஞ்சு அணைகள், ஒவ்வொண்ணுலயும் ‘லாக்’னு ஒரு நீர்க்கூண்டு. கப்பல் உள்ள போனதும் கதவை மூடிட்டு, மேல் பக்கத்துத் தண்ணியைத் திறந்து விடுவாங்க. பம்ப் தேவையில்லை, புவியீர்ப்பே போதும். தண்ணி ஏற ஏற கப்பலும் ஏறும். கராபடேலோ அணையில மட்டும் கிட்டத்தட்ட 35 மீட்டர், பத்து மாடிக் கட்டடத்துக்கு மேல! லாக் அகலம் சுமார் 12 மீட்டர்தான், அதனால இங்க கடல் கப்பல் மாதிரி பெருசா எதுவும் வராது. பயணக் கப்பல்கள் பகல்ல மட்டும் ஓடி, ராத்திரி கரையில கட்டி நிக்கும். போர்ட்டோவுல இருந்து எல்லையில இருக்குற பார்கா தால்வா வரைக்கும் சுமார் 210 கிலோமீட்டர்.

ஆனா அணைன்னா எல்லாமே லாபம்னு முடிவு பண்ணிடாதீங்க. டோரோவோட கிளை ஆறு கோவா. அங்க ஒரு அணை கட்டிட்டு இருந்தப்போ, கற்காலத்து மனிதர்கள் பாறையில செதுக்கின குதிரை, காட்டு மாடு உருவங்கள் இருக்குறது 1994-ல வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது. அணை முடிஞ்சா அத்தனையும் மூழ்கிடும். பள்ளி மாணவர்கள் உட்பட பலர் எதிர்த்தாங்க. புது அரசாங்கம் வந்ததும் வேலையை நிறுத்தினாங்க. 1998-ல அந்தப் பாறைகளும், 2001-ல டோரோ திராட்சைப் பள்ளத்தாக்கும் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது.

எப்பவாவது போனீங்கன்னா, சரிவுல பராமரிப்பில்லாம புதர் மண்டிக் கிடக்குற கல் அடுக்குகளைப் பாருங்க. 19-ஆம் நூற்றாண்டுல ஃபைலோக்சராங்கிற பூச்சி திராட்சை வேர்களை அழிச்சப்போ, திரும்ப நடாம விட்ட தோட்டங்கள் அது. கல்லு கல்லா கையால கட்டினவங்க பேரு எந்த ஒயின் பாட்டில்லயும் இருக்காது. அறுவடை பார்க்கணும்னா செப்டம்பர்ல போங்க. சரிவு அவ்வளவு செங்குத்து, இன்னைக்கும் பெரும்பாலும் கையாலதான் பறிக்கிறாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.