ஆறு மணிக்குச் சீட்டியடிக்கும் கள்ளன்

துலாமழை தொடங்கும் நாட்களில், தெற்குக் கேரளத்தின் காரக்கோணத்து வீடொன்றின் குளியலறை மூலையில் பல நிறக் குருவி ஒன்று ஒண்டி நின்றால், வீட்டார் அதை மீன்கொத்தி என்றே நினைக்கக்கூடும். தோளில் பளிச்சென்று நீலம். வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. அலகைப் பாருங்கள். மீன்கொத்திக்குக் கத்தி மாதிரி நீளும். இதற்குக் கட்டையாக இருக்கும். கண்வழியே கழுத்துவரை ஓடும் கருப்புப் பட்டை, பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு.

இந்திக்காரர்கள் இதை நவரங், அதாவது ஒன்பது நிறம், என்பார்கள். மலையாளத்தில் காவி. தமிழில் தோட்டக்கள்ளன், ஆறுமணிக்குருவி. காட்டில் இதைத் தேடி அலைந்தவருக்குத் தமிழ்ப் பெயர்களின் அருமை தெரியும். ஒன்பது நிறமும் நிழலில் அடங்கிவிடும். காவுகளிலும் தோப்புகளிலும் தரையில் தத்தித்தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் மறையும். கள்ளனேதான். ஆனால் விடியலிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு சுரத்தில் சீட்டியடித்துத் தன்னையே காட்டிக்கொடுக்கும். கண்ணைவிடக் காதுக்கே எளிதில் அகப்படும் பறவை இது.

அந்தச் சீட்டியைக் கேட்க வாய்ப்பில்லாத ஸ்வீடன் இயற்கையியலார் லின்னேயஸ், 1766இல் இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்து, 'குட்டைவால்' என்று அடைமொழி கொடுத்தார். 1816இல் பிரெஞ்சுப் பறவையியலார் வியேயோ தனிப் பேரினம் வகுத்தபோது வைத்த பெயர் பிட்டா: தெலுங்கில் சிறு பறவை.

இவ்வளவு கூவியும் பறவையியலார் இதை இசைப்பறவைகளோடு சேர்ப்பதில்லை. இசைப்பறவைக் குஞ்சுகள் மூத்தவற்றின் பாட்டைக் கேட்டுப் பழகும். அவற்றின் குரலுறுப்பில் தசைகளும் சிக்கலானவை. பிட்டா சேர்ந்த பிரிவில் அந்த உறுப்பு எளிமையானது, கூவலும் பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிறது. சில இலங்கை வரை போகும். டேராடூனிலிருந்து காரக்கோணம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். பறவையின் எடையோ 50, 60 கிராம். இரவில் பறந்து வந்து, களைத்துப்போய் வீட்டுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. காயம் இல்லையென்றால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் சில மணி நேரம் இருட்டும் அமைதியும் போதும். தோப்போரம் திறந்துவிட்டால் தானே தத்திப் புதருக்குள் போய்விடும்.