வாசல் மரங்கள் – 11: பவழமல்லிக்குத் தரைதான் முதல்

சென்ற வாரம் பார்த்த நந்தியாவட்டையின் பூவைச் செடியிலிருந்து பறிக்கிறோம். பவழமல்லியின் பூவைத் தரையிலிருந்து எடுக்கிறோம். அந்தி சாய்ந்ததும் விரிந்து, இரவெல்லாம் மணந்து, பொழுது விடியும்போது உதிர்ந்துவிடும் பூ இது. கீழே விழுந்த பூவைச் சாமிக்குச் சாத்தாத வீடுகளில்கூட இதற்கு மட்டும் விலக்கு உண்டு. திருவாரூர் மாவட்டம் திருக்களர் பாரிஜாதவனேஸ்வரர் கோயிலில் இதுவே தல விருட்சம். மேற்கு வங்கத்துக்கு மாநில மலர். துர்க்கா பூஜை நெருங்கும் நாட்களில் பிள்ளைகள் விடியலில் மரத்தடியில் கூடிப் பூப் பொறுக்குவார்கள்.

ஆகவே இந்த மரத்தை நட நினைப்பவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். கார் நிறுத்தும் இடம், செருப்பு விடும் இடம், சாக்கடை ஓரம் ஆகியவற்றின் மேல் கிளை கவிந்தால் அத்தனை பூவும் வீணாகும். மரத்தைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாத மண்தரை 6 அடியாவது இருக்கட்டும். அங்கே சிமென்ட் பூசாதீர்கள். பூக்கும் காலத்தில் மாலையில் கூட்டிப் பெருக்கி, ஒரு பழைய வேட்டியை விரித்துவைத்தால் மறுநாள் காலை மண் ஒட்டாத பூ கிடைக்கும்.

தரை அமைந்துவிட்டால் மற்றது எளிது. தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாகவும், தண்ணீர் தேங்காத இடமாகவும் பாருங்கள். நிழலிலும் மரம் பிழைக்கும். ஆனால் பூ குறையும். சுவரிலிருந்து 8 அடி தள்ளி, 2 அடி ஆழக் குழி எடுத்து, தோண்டிய மண்ணோடு தொழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்து நிரப்புங்கள். மழை தொடங்கும் சமயம் நடுவது நல்லது. மரத்தில் முற்றிப் பழுப்பேறிய தட்டைக் காய் இரண்டாகப் பிளக்கும். பக்கத்துக்கு ஒரு விதை இருக்கும். புதிதாக எடுத்த விதைதான் நன்றாக முளைக்கும். பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய போத்தை மழைக்காலத்தில் ஊன்றியும் கன்று எடுக்கலாம். மொட்டைமாடிக்காரர்கள் 18 அங்குலத் தொட்டியில் வளர்க்கலாம்.

இனி, பலரும் தயங்கும் வேலைக்கு வருவோம். பவழமல்லி புதுத் துளிரில் பூக்கும் மரம். கவாத்து செய்யாமல் விட்டால் 30 அடி வரைகூட ஓங்கிவிடும்; அடியில் கிளைகள் வெறிச்சோடி, பூவெல்லாம் உச்சியில் போய் நிற்கும். நாம் ஒழுங்கு செய்த தரையை விட்டுப் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உதிரும். எனவே பூப்பு ஓய்ந்த பிறகு, மாசியில், ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு எடுங்கள். உயரம் 8 முதல் 10 அடிக்குள் நின்றால் போதும். வெட்டி முடித்ததும் தூரில் ஒரு கூடை தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் தழைக்கும்.

கோடையில் இலை உதிர்த்தால் பயப்பட வேண்டாம். அது இந்த மரத்தின் இயல்பு. முதல் மழைக்குப் பிறகு, உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் இலைகள் மறுபடி நிறைந்துவிடும்.

மழைக்காலத்தில் சில மரங்களில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பியிருக்கும். பூவைப் பொறுக்குவது பெரும்பாலும் பிள்ளைகளும் பெரியவர்களும். அவர்கள் கை படும் தரையில் நஞ்சு சொட்டக் கூடாது. நீளமான துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். பூவெல்லாம் உதிர்ந்து, எடுத்து முடித்த காலை நேரமே இதற்கு ஏற்றது. மாலையில் தெளித்தால், மணத்தை நாடி இரவில் பூவுக்கு வரும் அந்துப்பூச்சிகளுக்கும் கேடு.

பூசைக்குப் போக மிஞ்சும் பூக்களையும் குப்பையில் கொட்ட வேண்டாம். செம்மஞ்சள் காம்புகளைக் கிள்ளி நிழலில் உலர்த்தி, தண்ணீரில் கொதிக்கவைத்தால் சாயம் இறங்கும். குங்குமப்பூவின் நிறத்துக்கும் இதற்கும் மூலம் குரோசெட்டின் என்னும் ஒரே நிறமி. அந்தக் காலத்தில் பட்டுக்கு இதில் சாயம் ஏற்றினார்கள். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஆகவே துணியை நிழலில் உலர்த்துங்கள்.

இப்போது மாசி நடக்கிறது. உங்கள் வீட்டு மரம் இந்த ஆண்டு குறைவாகப் பூத்திருந்தால், இந்த வாரமே அரிவாளை எடுங்கள். ஆவணியில் பூக்கப்போவது இப்போது வெட்டும் இடத்திலிருந்து வரும் துளிர்.

அடுத்த வாரம்: மந்தாரை

(தொடரும்)