ஹார்மோன் மாத்திரை: எந்த வேளையில்?

‘ஸ்டீராய்டு’ என்றதும் பலர் பயந்துபோகிறார்கள். ஆனால் அந்த மாத்திரையாலேயே உயிர் வாழ்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் அதை எந்த வேளையில் உட்கொள்ள வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமைந்துள்ளவை அட்ரினல் சுரப்பிகள். அவை சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடாமல் காக்கிறது. இச்சுரப்பிகள் பழுதாவதால் வரும் நோயை 1855-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தார். நம் நாட்டில் காசநோய் இன்றும் அதற்கு ஒரு காரணம். பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்ட தாய்மார்களுக்கும் இந்தக் குறை வருவதுண்டு.

நலமுள்ளவர் உடலில் கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்தை எட்டி, பகலில் படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவில் மிகக் குறைவாகிறது. மாத்திரையும் இதையே பின்பற்ற வேண்டும். பெரியவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் பொதுவாக ஒரு நாளைக்கு 15 முதல் 25 மி.கி. வரை, இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துத் தரப்படுகிறது. பெரிய பங்கு எழுந்தவுடன், அடுத்தது மதியம், மூன்றாவது வேளை இருந்தால் மாலை 4 அல்லது 5 மணிக்கு. இரவில் உட்கொண்டால் தூக்கம் கெடும்.

இங்கே கடிகாரத்தைவிட விழிப்பே முக்கியம். கீரமங்கலம் பக்கம் பூப்பறிக்க விடியுமுன் எழுகிறவர், எழுந்ததுமே முதல் வேளையைப் போட்டுக்கொள்ளலாம். கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போய் இரவெல்லாம் வலை இழுப்பவருக்கு வேளைகளை மருத்துவர் மாற்றி அமைத்துத் தருவார். கடலில் கூடுதல் நேரமாகலாம் என்பதால் மாத்திரையைச் சற்று அதிகமாகவே எடுத்துச் செல்வது நல்லது.

காய்ச்சல் வந்தால் உடலுக்குக் கார்ட்டிசால் அதிகம் தேவை. அந்நாட்களில் மருத்துவர் சொல்லியபடி அளவை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அது கார்ட்டிசாலை விரைவில் கரைத்துவிடும்.

‘நன்றாகத்தானே இருக்கிறாய், ஸ்டீராய்டு எதற்கு?’ என்று உறவினர் நிறுத்தச் சொல்லுவதே பெரிய ஆபத்து. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மிகுந்த அளவில் நெடுநாள் தரும் ஸ்டீராய்டு வேறு. உடலில் இல்லாததை மட்டும் ஈடுசெய்யும் இச்சிறு அளவு வேறு. திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே மோசமாகலாம். உபவாச ஜெப நாளிலும் மாத்திரையை விடக்கூடாது. உபவாசம் இருக்கலாமா என்பதை முன்னதாக மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

உங்கள் சபையில் இப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தால், நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கிறதா என்று அன்போடு விசாரியுங்கள். மாத்திரை தீரும் முன்பே வாங்கிவைக்க உதவுங்கள். அந்தச் சிறு உதவி ஓர் உயிரைக் காக்கும்.