திரையில் விரியும் சீட்டுக் கச்சேரி

பிழைப்பை நாடித் தமிழகம் விட்டு வெளியேறிய நம்மவர், மொழியையும் இசையையும் வழிபாட்டையும் உடன் கொணர்ந்ததுபோலவே சீட்டுக் கட்டையும் கொணர்ந்தனர். பம்பாய் மாதுங்காவிலும் தில்லி கரோல்பாகிலும் ஞாயிறு பிற்பகல்களில் பாய் விரித்து நடந்த சீட்டுக் கச்சேரிகளை மூத்த அன்பர்கள் மறந்திரார். முந்நூற்று நான்கும் இருபத்தெட்டும் ரம்மியும் அங்கே ஆடப்பெற்றன. காசு வைத்து ஆடியோரும் உண்டு. ஆயினும் அப்பந்தயத்திற்கு ஓர் எல்லை இருந்தது. எதிரே அமர்ந்திருந்தவர் அடுத்த வீட்டுக்காரர். தோற்றவர் முகம் வாடினால் ஆட்டம் நின்றது. அடுக்களையிலிருந்து காப்பி வந்தால் ஆட்டம் கலைந்தது.

இந்நாளில் அக்கச்சேரி கைப்பேசித் திரைக்குள் புகுந்துவிட்டது. எதிரே அமர்ந்திருப்பவர் யாரென்று தெரியாது. அவர் முகமும் தெரியாது. நம் முகமும் அவருக்குத் தெரியாது. இவ்வாறு ஆடப்பெறும் ஆட்டங்களில் ‘போக்கர்’ என்பது தலையாயது. அதிலும் ‘டூர்னமெண்ட்’ எனப்படும் போட்டி வடிவமே நம் இளைஞரைப் பெரிதும் ஈர்க்கின்றது. “இது சூதன்று, திறமை” என்பர் ஆடுவோர். “சீட்டு என்றாலே சூதுதான்” என்பர் பெற்றோர். இரு சாராரும் ஆட்டத்தின் அமைப்பை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தால், இந்த வழக்குக்கே அவசியம் இராது என்பது நம் கருத்து.

ஆட்டத்தின் இயல்பு

பெரும்பாலும் ஆடப்பெறுவது ‘டெக்ஸாஸ் ஹோல்டெம்’ என்னும் வகை. ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். பின்னர் மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்றும் அதன்பின் ஒவ்வொன்றாக இரண்டும், திறந்து வைக்கப்படும். தம்மிடம் உள்ள இரண்டையும் பொதுவில் உள்ள ஐந்தையும் கொண்டு, மிகச் சிறந்த ஐந்து சீட்டுகளை அமைத்துக் காட்டுபவர் வெல்வார். இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம் உண்டு. பிறர் வைத்த பந்தயத்துக்கு ஈடு வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

52 சீட்டுகளிலிருந்து இரண்டு சீட்டுகள் 1,326 வகையாக வரக்கூடும். அவற்றுள் மிக வலிய கையாகிய இரண்டு ஏஸ்கள், சராசரியாக 221 முறைக்கு ஒருமுறையே கிட்டும். ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான கைகளைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார். பொறுமையும், நினைவாற்றலும், மனக்கணக்கும், பிறர் போக்கை ஊகிக்கும் நுட்பமும் இவ்வாட்டத்திற்கு வேண்டும். நளன் கதையை அறிந்தவர் இதனை எளிதில் உணர்வர். சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னனிடம் எண்ணும் கலையைக் கற்ற பின்னரன்றோ இழந்ததை மீட்டான்! எனவே திறமைக்கு இடமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

போட்டியின் அமைப்பு

போட்டியில் சேர ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டியவர் அனைவருக்கும் ஒரே அளவு ‘சிப்ஸ்’ வழங்கப்படும். அவை பணமல்ல, போட்டிக்குள் மட்டும் செல்லுபடியாகும் அடையாள வில்லைகள். அவற்றை முற்றும் இழந்தவர் வெளியேற வேண்டும். கடைசி வரை எஞ்சுவோர் பரிசு பெறுவர். கட்டிய தொகைக்கு மேல் ஒரு காசும் போகாது என்பதே இவ்வடிவத்தின் கவர்ச்சி.

ஆனால் இதற்குள் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது காலம். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயத்திற்குப் ‘பிளைண்ட்’ என்று பெயர். இது சில நிமிடங்களுக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். பொறுமையாகக் காத்திருப்பவரின் வில்லைகளை இக்கட்டாயமே கரைத்துவிடும். போட்டியின் பிற்பகுதியில் வல்லவரும் உள்ளதனைத்தையும் ஒரே கையில் வைத்துத் தீர வேண்டிய நிலை வரும். அப்போது ஒருவரிடம் ஏஸும் ராஜாவும், மற்றவரிடம் இரண்டு ராணிகளும் இருந்தால், முடிவு ஏறக்குறைய நாணயம் சுண்டுவதற்கு ஒப்பாகும். இரண்டு ஏஸ்கள் வைத்திருப்பவரும் இரண்டு ராஜாக்களிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒருமுறை தோற்பார். திறமையை வைத்துத் தொடங்கும் போட்டி, வேகத்தை முடுக்க முடுக்க அதிர்ஷ்டத்தின் கையில் போய் விழுகின்றது.

இரண்டாவது, மறுநுழைவு. தோற்று வெளியேறியவர் மீண்டும் கட்டணம் செலுத்தி உடனே உள்ளே வரலாம் என்பது பல போட்டிகளின் விதி. ‘இவ்வளவுதான் நட்டம்’ என்னும் எல்லை இவ்விதியால் உடைகின்றது. தோற்ற சினம் ஆறுவதற்குள் விரல் திரையைத் தொட்டுவிடுகின்றது. அடுத்த வீட்டுக்காரர் எதிரே இருந்திருந்தால், “போதுமப்பா, எழுந்திரு” என்று சொல்லியிருப்பார். திரை அவ்வாறு சொல்வதில்லை.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு போட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். 300 பேர் சேர்கின்றனர். கட்டணம் ஆளுக்கு 550 ரூபாய். அதில் 500 பரிசுத் தொகைக்கும் 50 நடத்துவோருக்கும் செல்கின்றது. பரிசுத் தொகை 1,50,000 ரூபாய். நடத்துவோர் பங்கு 15,000 ரூபாய். 40 பேருக்குப் பரிசு உண்டெனக் கொண்டால், 260 பேர் வெறுங்கையோடு திரும்புவர். முதல்வருக்கு 30,000 ரூபாய் அளவிற் கிடைக்கலாம். கடைசிப் பரிசுகள் 1,000 ரூபாயை ஒட்டியே இருக்கும்.

திறமையில் பிறரோடு சமமான ஒருவர் மாதத்தில் 20 நாள் இவ்வாறு ஆடினால், கட்டும் தொகை 11,000 ரூபாய். சராசரியாக இரண்டு மூன்று தடவைதான் பரிசு கிட்டும். அதுவும் பெரும்பாலும் கடைசிப் படிகளிலேயே. மூன்று முறை கடைசிப் பரிசு பெற்றாலும் 3,000 ரூபாய் வரவு, 8,000 ரூபாய் நட்டம். மறுநுழைவு எதுவும் இல்லாத கணக்கு இது. சமமாய் ஆடுவோருக்கே இந்நிலை என்றால், பயிலாமல் ஆடுவோரைச் சொல்ல வேண்டியதில்லை. பிறரினும் மேம்பட்டு ஆடும் சிலர் ஈட்டுவது, மேம்படாத பலர் இழப்பதிலிருந்தே வர வேண்டும். வேறு ஊற்று ஏதும் அங்கே இல்லை. வென்றாலும் தோற்றாலும் நட்டமுறாதவர், மேசை போட்டவர் ஒருவரே.

86 டாலர்க் கதை

இக்கணக்கைச் சொன்னால் இளைஞர் ஒரு கதையை எடுத்துக் காட்டுவர். அக்கதை மெய்யே. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தவரும் கணக்கர் தொழில் பார்த்தவருமான கிறிஸ் மணிமேக்கர், 2003ஆம் ஆண்டில் 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு தகுதிப் போட்டி ஆடினார். அதன் வழியே, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர்த் தொடரின் முதன்மைப் போட்டியில் இடம் பெற்று லாஸ் வேகாஸ் சென்றார். 839 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் வென்று 25 இலட்சம் டாலர் ஈட்டினார்.

அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. அதே போட்டியில் 2004இல் 2,576 பேரும், 2006இல் 8,773 பேரும் திரண்டனர். ஒருவர் வென்ற கதை ஆயிரக்கணக்கானோரை மேசைக்கு அழைத்தது. 2003இல் தோற்ற 838 பேரின் கதையை எவரும் விளம்பரம் செய்யவில்லை. வென்ற பொருளையே தூண்டிலின் இரைக்கு ஒப்பிட்டுச் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தோல்வியினும் வெற்றியையே மிகுதியாக அஞ்சினார் என்பது சிந்திக்கத்தக்கது.

எதிரே இருப்பவர் யார்?

முகமறியா மேசையில் வேறு ஐயங்களும் எழுகின்றன. 2007இல் அயல்நாட்டு இணையதளம் ஒன்றில், பிறர் சீட்டுகளையெல்லாம் மறைவாகக் காணவல்ல ஒரு கணக்கைக் கொண்டு மோசடி நடந்தது வெளிப்பட்டது. 2019இல் ‘புளூரிபஸ்’ என்னும் கணினி நிரல், ஆறு பேர் ஆடும் மேசையில் தொழில்முறை வல்லுநரையே வென்று காட்டிற்று. நம்மோடு ஆடுவது மனிதனா நிரலா என்று ஐயுறுவது இனி வீண் அச்சமன்று.

பணத்தின் பாதுகாப்பும் அத்தகையதே. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரும் போக்கர்த் தளங்களின் மீது நடவடிக்கை எடுத்தது. அவற்றுள் ஒன்றில் பணம் வைத்திருந்த அந்நாட்டு ஆட்டக்காரர், அதனைத் திரும்பப் பெறத் தொடங்கியது 2014இல்தான். தம் நாட்டு அரசே முன்னின்று மீட்டுக் கொடுத்தும் அத்தனை ஆண்டுகள் கழிந்தன.

சட்டத்தின் பாதை

நம் நாட்டில் இவ்வாட்டம் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் கருத்து வேறுபட்டு வந்தது. 2016இல் நாகாலாந்து இதனைத் திறமை ஆட்டமென ஏற்று உரிமம் வழங்கச் சட்டம் செய்தது. 2017இல் தெலங்கானா பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அதே ஆண்டு குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூது என்றது. தமிழ்நாட்டின் தடைச் சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. பின்வந்த சட்டத்தின் மீது 2023 நவம்பரில் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறிற்று. வேலை மாற்றலில் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம்மவருக்கு, ஒரே ஆட்டம் ஓரிடத்தில் கலையாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் தோன்றிய விந்தை இது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இவ்வழக்கை வேறு வழியில் அறுத்தது. அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று கேளாமல், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டம் எதனையும் நடத்தலாகாது என்றது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வகுத்தது. ஆடுவோருக்கு அச்சட்டம் தண்டனை விதிக்கவில்லை. பணமின்றிப் பொழுதுபோக்காக ஆடுவதையும் தடுக்கவில்லை. சட்டம் வந்தவுடன் நம் நாட்டு முன்னணி நிறுவனங்கள் தம் பண மேசைகளை மூடின. அதனை எதிர்த்த வழக்குகளும் நீதிமன்றம் ஏறின.

மேசைகள் மூடப்பட்டதனால் வேட்கை மூடப்பட்டதென்று கருதலாகாது. அயல்நாட்டுத் தளங்கள் நம் இளைஞரைத் தேடி வருகின்றன. அங்கே சிக்கும் பணத்தை மீட்க எந்த வாயிலில் போய் நிற்பது?

இல்லத்தார் செய்யத்தக்கது

வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞனின் மாலைப் பொழுதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அறையில் தனிமை, பேச்சுத் துணை இல்லை, ஊருக்கு அனுப்பிய பணம் போகக் கையில் சிறிது மிச்சம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் போட்டி, அவன் நன்றாக ஆடினால் பின்னிரவு வரை நீளும். தோற்றால் சீக்கிரம் தூங்கலாம். வென்றால் தூக்கமே போகும். குடும்பஸ்தர் நிலையும் இதற்கு மாறன்று. பக்கத்து அறையில் மனைவி மக்கள் உறங்க, திரையின் ஒளியில் ஒருவர் விழித்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அங்கே இழக்கப்படுவது பணம் மட்டுமன்று. காலையில் குழந்தை கேட்கும் கேள்விக்குப் பொறுமையாய் விடை சொல்லும் தெம்பும் இழக்கப்படுகின்றது.

வங்கிக் கணக்கில் ஐந்நூறும் ஆயிரமுமாகத் தொடர்ந்து செல்லும் சிறு தொகைகள், கைப்பேசிச் செயலிகளிடம் வாங்கிய கடன், ஊருக்கு அனுப்பும் பணத்தில் திடீர்க் குறைவு ஆகியன முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் ஏசுவதனால் பயனில்லை. ஏச்சுக்கு அஞ்சியவர் கடனை மறைப்பார். மறைத்த கடனைத் தீர்க்க மீண்டும் ஆடுவார். “கடந்த மூன்று மாதக் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதிப் பார்ப்போம், வா” என்று அழைப்பதே சிறந்தது. வென்ற நாள் நினைவில் நிற்கும்; தோற்ற நாள் மறந்துபோகும். தாளில் எழுதினால் இரண்டும் நிற்கும்.

விட நினைத்தும் விட இயலாதோர் நாணாமல் உதவி நாட வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எங்கிருந்தும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் கைப்பேசி, இணையப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்கி வருகின்றது.

சங்கத்தார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. விழாவுக்கு விழா மேடை போடுவதோடு நில்லாமல், வாரம் ஓர் இரவு கூடத்தைத் திறந்து வைத்து, சதுரங்கமும் கேரமும் பிரிட்ஜும், வேண்டுமாயின் பணமில்லாப் போக்கரும் ஆட இடம் செய்யலாம். கணக்கில் வல்ல இளைஞருக்கு எதிரே முகமுள்ள ஓர் ஆள் கிடைப்பான். ஊர் விட்டு வந்தவனுக்கு, “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்க ஒரு குரலும் கிடைக்கும். பத்து மணிக்குக் காப்பி கொடுத்து ஆட்டத்தைக் கலைத்து, பிள்ளைகளை உறங்க அனுப்பும் பொறுப்பை மூத்தோர் ஏற்றுக்கொள்வார்களாக.